கஸ்பாரின் இடது கால்

"டீச்சர், ஒண்ணு தொலஞ்சு போச்சு" என்றார் கஸ்பார் மச்சாது.

ஹில்டா டீச்சர் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எங்க தொலைச்சிய?"

"ஒன்பதாவது கட்டத்துல."

"அப்ப அங்கதான் கிடக்கும்."

டீச்சர் துணியை உதறி மடித்தார்.

கஸ்பார் டிரம்பெட்டோடு நின்றார். கிண்டலா, பதிலா என்று அவருக்குத் தெரியவில்லை.

*

கஸ்பாருக்கு வயது ஐம்பத்தேழு. தூத்துக்குடியில் கடலோரத்துச் சின்னக் கோயில் ஒன்றின் பேண்டு மாஸ்டர். திருவிழாவில் மாதா சப்பரத்துக்கு முன்னால் பதினொரு பேர் ஊதிக்கொண்டும் அடித்துக்கொண்டும் நடப்பார்கள். அவர் முதல் ஆள். முப்பத்தொன்பது வருடமாக முதல் ஆள்.

கோயில் வாசலில் புறப்பட்டு ஐஸ் கம்பெனி முக்கு வரை போய்த் திரும்பினால் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இடது கால். வலது காலை அவர் எண்ணுவதில்லை. பெரிய டிரம் இடது காலோடு சேர்ந்து விழும். இடது கால் விழும் இடம்தான் ஒன்று. அந்தப் பேண்டில் யாரும் தாளம் என்ற சொல்லைச் சொல்வதில்லை. கால் என்பார்கள். தாளம் பிசகினால், கால் தப்பிவிட்டது.

கஸ்பாருக்குக் கால் தப்பியதே இல்லை.

தாளில் இல்லாத ஒரு சுரத்தையும் அவர் ஊதியதில்லை.

*

மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. திருவிழா முடிந்த திங்கட்கிழமை எடுத்துவிட வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். டிரம்பெட் உதட்டில் நிற்பது அந்தப் பற்களின் பலத்தில். எடுத்த பிறகு ஊத வருமா என்று கேட்டதற்கு, வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அதற்கு முன் ஒரே ஒரு தடவை, யாரும் எழுதித் தராததை ஊதிப் பார்க்க வேண்டும். கஸ்பாருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

அதற்காகத்தான் ஹில்டா டீச்சரிடம் வந்தார்.

*

ஹில்டா டீச்சருக்கு நாற்பத்துநான்கு வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவருடைய அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஜமைக்கா தீவிலிருந்து நான்கு கேசட் கொண்டுவந்தார். அவற்றில் இருந்தது ஸ்கா, அந்தத் தீவின் ஆட்டப் பாட்டு.

ஸ்காவில் டிரம் விழும் இடத்தில் கிடார் பேசாது. இரண்டு அடிக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் வெடுக்கென்று ஒரு வெட்டு. பிறகு அடுத்த வெற்றிடத்தில் ஒன்று. பாட்டு முடியும் வரை கிடாருக்கு அதுதான் வேலை.

டீச்சரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து அதில் ஜாஸைக் கலந்திருந்தார்கள். அடியில் ஸ்கா வெட்டிக்கொண்டே இருக்கும். மேலே ஒருவர் முறை வைத்து, தாளே இல்லாமல், அந்த நேரத்தில் தோன்றுவதைக் கட்டி ஊத வேண்டும். அவர்களுடைய டிரம்பெட்காரன் வேலை கிடைத்துத் துபாய் போய்விட்டான். திருவிழா அன்று சாயங்காலம் கோயில் மைதானத்தில் கச்சேரி. முப்பத்திரண்டு கட்டம் ஆள் இல்லாமல் கிடந்தது. நாலு அடி ஒரு கட்டம்.

அந்த இடத்தைத்தான் கஸ்பார் கேட்டார். கற்றுக்கொடுங்கள் என்றும் கேட்டார்.

"நான் பி.டி. டீச்சர், அண்ணாச்சி" என்றார் ஹில்டா. "ஓடுன்னா ஓடணும், நில்லுன்னா நிக்கணும். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியாது."

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது.

*

உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்று காலியாக இருந்தது. பயிற்சி அங்கே.

முதல் நாள் நடந்தது இது. கஸ்பார் இடது காலைத் தட்டிக்கொண்டு ஊதத் தொடங்கினார். எட்டுக் கட்டம் சரியாகப் போனது. கிடார் வெட்டிக்கொண்டே இருந்தது. காது கிடாரின் பின்னால் போனது. காதின் பின்னால் கால் போனது. ஒன்பதாவது கட்டத்தில் அவருடைய இடது கால் கிடாரோடு விழுந்தது.

அவர் விடாமல் ஊதினார். முப்பத்திரண்டையும் ஊதி முடித்தார். முடித்துவிட்டு, டிரம் ஏன் இடம் மாறியது என்று கேட்டார்.

டிரம் அடித்தவன் பெர்க்மான்ஸ். முன்பு கஸ்பாரின் பேண்டில் ஆறு வருடம் சைடு டிரம் அடித்தவன். எண்ணிக்கை பிசகியதற்காக மாஸ்டர் அவனைப் பதினாறு தடவை வரிசையை விட்டு வெளியே நிறுத்தியிருக்கிறார். பதினேழாவது தடவை அவனே போய்விட்டான்.

டிரம் மாறவில்லை என்றான் அவன். கஸ்பார் நம்பவில்லை. மறுபடி ஊதினார். ஒன்பதாவது கட்டத்தில் மறுபடி டிரம் மாறியது. தனக்கா கால் தப்பியது என்று கேட்டார்.

"கால் இல்ல மாஸ்டர்" என்றான் பெர்க்மான்ஸ். "அரை."

அவன் சிரிக்காமல் சொன்னான். பதினாறு தடவைக்கு அது போதும் போலிருந்தது.

அதன் பிறகுதான் கஸ்பார் டீச்சரிடம் போய், ஒன்று தொலைந்துவிட்டது என்றார்.

*

இரண்டாம் நாள் கஸ்பார் ஒரு யோசனையோடு வந்தார். பெரிய டிரம்மைச் சப்பரத்துக்கு அடிப்பதுபோல் ஓங்கி அடித்தால் ஒன்று தொலையாது என்றார்.

டீச்சர் சரி என்றார்.

பெர்க்மான்ஸ் ஓங்கி அடித்தான். ஒன்று தொலையவில்லை. கிடாரின் வெட்டுதான் காணாமல் போனது. எட்டாவது கட்டத்தில் பேஸ் கிடார்காரன் நின்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தான். பன்னிரண்டாவது கட்டத்தில் எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

"சப்பரம் பின்னால வருதா மாஸ்டர்?" என்று கேட்டான் பெர்க்மான்ஸ்.

கஸ்பார் திரும்பிப் பார்த்துவிட்டார்.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒன்றை ஓங்கினால் இசை போகிறது, ஓங்காவிட்டால் ஒன்று போகிறது, இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று டீச்சரிடம் கேட்டார்.

டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். பயிற்சி முடிந்தது என்று பொருள்.

*

மூன்றாம் நாளுக்குள் கஸ்பார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முப்பத்திரண்டு கட்டத்தையும் கோடு போட்ட தாளில் எழுதி எடுத்து வந்தார். இரண்டு நாள் காலையில் உட்கார்ந்து எழுதியது. நானூற்று ஆறு சுரம். மூச்சு விட வேண்டிய இடம் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் சின்ன டிக் போட்டிருந்தது.

தாளைப் பார்த்து ஊதினார். ஒன்று தொலையவில்லை. கடைசி அடியில் சரியாக முடித்தார்.

டீச்சர் கிடாரைக் கீழே வைத்தார்.

"நல்லா இருந்துச்சு அண்ணாச்சி" என்றார் டீச்சர். "நாளைக்கும் இதையே ஊதுவியளா?"

"ஒரு சுரம் மாறாது."

"அப்ப நாளைக்கு நீங்க எதுக்கு வரணும்?"

டீச்சர் தாளை வாங்கினார். நான்காக மடித்தார். பெர்க்மான்ஸ் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. முதல் நாளிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது. தாளை அதன் அடியில் வைத்து அமுக்கினார்.

ஸ்டூல் ஆட்டம் நின்றது.

"இப்ப ஊதுங்க" என்றார்.

கஸ்பார் ஊதினார். ஏழாவது கட்டத்திலேயே தொலைந்தார்.

அன்றுதான் பல் விஷயத்தைச் சொன்னார். இரக்கப்பட்டு ஒரு வழி சொல்வார்கள் என்று நினைத்துச் சொல்லவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியதால் சொன்னார். திங்கட்கிழமை என்றார். அதற்குப் பிறகு தெரியாது என்றார்.

பெர்க்மான்ஸ் தலை குனிந்துகொண்டான்.

"எத்தன பல்லு?" என்று கேட்டார் டீச்சர்.

"ரெண்டு."

"மிச்சம்?"

கஸ்பார் நாக்கால் உள்ளே ஒரு சுற்று எண்ணினார். "இருபத்தஞ்சு."

டீச்சர் தலையாட்டினார். நாளைக்கு டிரம்பெட் வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள் என்றார்.

ஏன் என்று கஸ்பார் கேட்டார். டீச்சர் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார்.

*

நான்காம் நாள், கிட்டங்கி நடுவில் ஒரு நீளக் கயிறு கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் சேர்ந்து ஸ்கிப்பிங் ஆடும் கயிறு.

ஒரு முனையை டீச்சர் பிடித்தார். மறு முனையைப் பெர்க்மான்ஸ் பிடித்தான். சுற்றினார்கள். கயிறு மேலே போய் வளைந்து இறங்கித் தரையில் அடித்தது. மறுபடி போனது, மறுபடி அடித்தது. உப்புத் தூள் பறந்தது.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

கஸ்பார் கயிற்றைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். பேண்டு பூட்ஸ், அடியில் லாடம் வைத்தது. ஐம்பத்தேழு வயது என்று நினைவுபடுத்தினார். டீச்சருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

அவர் பக்கத்தில் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன செய்யுதிய?"

"எண்ணுதேன்."

"எத்தன வந்திருக்கு?"

"நாற்பத்தொண்ணு."

"எத்தனாவதுல உள்ள வருவிய?"

"ஒண்ணுல வரணும்."

"ஒண்ணுலதான் கயிறு தரையில கிடக்கு" என்றார் டீச்சர்.

கஸ்பார் நாற்பத்திரண்டில் இடது காலை வைத்தார். கயிறு முழங்காலுக்குக் கீழே சுளீர் என்று பட்டது. மறுபடி சுற்றினார்கள். மறுபடி பட்டது. ஏழு தடவை பட்டது. எல்லாம் இடது காலில்.

எட்டாவது தடவை டீச்சர் தன் முனையைப் பேஸ் கிடார்காரனிடம் கொடுத்துவிட்டுத் தானே உள்ளே போனார். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார். குதித்தபடியே ஒரு சுற்றுத் திரும்பினார். கை தட்டினார். கொட்டாவி விட்டார். அவிழ்ந்த கொண்டையை முடிந்தார். கயிறு ஒரு தடவையும் படவில்லை.

கஸ்பார் அவர் கால்களையே பார்த்தார். ஏதோ ஒன்று பிடிபடும்போல் இருந்தது. பிடிபடவில்லை.

"இதுக்கும் டிரம்பெட்டுக்கும் என்ன இருக்கு டீச்சர்?" என்றார்.

"எனக்குத் தெரியாது" என்றார் டீச்சர், குதித்துக்கொண்டே. "டிரம்பெட் ஊதுறது நீங்க."

கஸ்பார் வீட்டுக்குப் போய்க் காலில் தைலம் தடவினார். ஏழு கோடு இருந்தது.

*

சனிக்கிழமை திருவிழா. நாலு மணிக்குச் சப்பரம் புறப்பட்டது.

கஸ்பார் முதல் ஆளாக நடந்தார். ஐஸ் கம்பெனி முக்கில் திரும்பும்போது, இடது கால் விழுந்த பிறகு வலது கால் எப்போது விழுகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி ஒரு நினைப்பு முப்பத்தொன்பது வருடத்தில் வந்ததில்லை.

கோயில் வாசலுக்கு வந்து நின்றபோது எண்ணிக்கை ஆயிரத்து நானூற்று ஒன்பது.

மூன்று குறைந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாதை மாறவில்லை. வாசல் நகரவில்லை. மூன்று கால் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்.

*

ஆறரைக்குக் கச்சேரி. மைதானத்தில் பலகை மேடை.

மூன்றாவது பாட்டில் கஸ்பாரின் முறை வந்தது. டீச்சர் கண்ணால் காட்டினார். அவர் முன்னால் வந்து ஊதினார். இடது கால் பலகையில் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, எட்டுக் கட்டம்.

ஒன்பதாவது கட்டத்தில் ஒன்று தொலைந்தது.

இந்தத் தடவை டீச்சர் விட்டுக்கொடுத்தார். பெர்க்மான்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். மாஸ்டர் எங்கே நிற்கிறாரோ அங்கே நாம் போய்விடலாம் என்று பொருள். எல்லோரும் அரை அடி நகர்ந்து அவரிடம் வந்தார்கள்.

அதே நேரத்தில் கஸ்பாரும் தன் தப்பை உணர்ந்து, அரை அடி நகர்ந்து அவர்களிடம் போனார்.

சந்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கியதுபோல் ஆயிற்று. அவர்கள் மறுபடி ஒதுங்கினார்கள். அவரும் மறுபடி ஒதுங்கினார். முன்வரிசையில் யாரோ, என்னப்பா, மேடையில சண்டையா என்றார்கள். சிரிப்பு எழுந்தது. பேண்டுக்காரர்கள் பத்துப் பேர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருக்குக் கால் தப்பியதை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கஸ்பார் டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தார்.

பாட்டு நடுவில் அவர் அப்படி எடுத்ததில்லை. ஒன்று எது என்று அவருக்கு இப்போது கொஞ்சமும் தெரியவில்லை. திங்கட்கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

டிரம் விழுந்தது. விழுந்தது. விழுந்தது.

அவர் கயிற்றைப் பார்ப்பதுபோல் டிரம்மைப் பார்த்தார். எண்ணவில்லை. டிரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, குதித்தார்.

டிரம் விழுந்தது. பிறகு லாடம் வைத்த பூட்ஸ் இரண்டும் பலகையில் இறங்கின.

கிடாரின் வெட்டோடு இறங்கின.

மறுபடி குதித்தார். மறுபடி கிடாரோடு இறங்கினார். பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தபடி அடித்தான். நான்காவது குதியில் டிரம்பெட் உதட்டுக்குப் போனது.

முதலில் ஒரு சுரம். அதையே இன்னொரு தடவை, கொஞ்சம் கீழே இழுத்து. பிறகு ஓர் இடைவெளி; அதில் ஒரு குதி. பிறகு சப்பரப் பாட்டின் கடைசி வரி, அது எப்படி முதலில் வந்தது என்று அவருக்கே தெரியாமல். பல் ஆடியதில் இரண்டு சுரம் உடைந்தது. உடைந்த சுரத்தை இன்னொரு தடவை வேண்டுமென்றே உடைத்தார். பேண்டுக்காரர்கள் பத்துப் பேரும் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை கட்டம் ஊதினார் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. பெர்க்மான்ஸ் நாற்பத்தெட்டு என்கிறான். பேஸ் கிடார்காரன் அறுபது என்கிறான். முப்பத்திரண்டு இல்லை என்பது மட்டும் உறுதி.

கஸ்பாரிடம் கேட்டார்கள். அவர் நினைத்துப் பார்த்தார். அவரிடம் எண்ணிக்கை இல்லை.

*

திங்கட்கிழமை பல் டாக்டரிடம் டோக்கன் பதினொன்று. டீச்சர் பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பெர்க்மான்ஸும் வந்திருந்தான். அரை நாள் விடுப்பா என்று அவன் கேட்டதற்கு, அரைதான் நமக்கு ராசி என்றார் டீச்சர். கஸ்பார் சிரித்தார். அந்த இரண்டு பல்லும் தெரிய அவர் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

உள்ளே போனார். முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

வெளியே வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்று நர்ஸ் சொன்னார்.

அவர் டீச்சருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். சுவரில் பழைய பெண்டுலக் கடிகாரம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. டக். டக். டக்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஒண்ணு கெடச்சுதா அண்ணாச்சி?"

கஸ்பார் இடது காலைப் பார்த்தார். வலது காலைப் பார்த்தார். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். டோக்கன் பன்னிரண்டும் பதின்மூன்றும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்து நின்றார். முழங்காலை மடக்கினார்.

கடிகாரம் டக் என்றபோது கஸ்பார் தரையில் இல்லை.